ஊர்க் கணக்கும் கணிப்பொறி நிரலும்

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவது பட்டணத்துப் பட்டதாரிகளின் தொழில், உழவருக்கும் ஊராட்சி உறுப்பினருக்கும் அதனோடு யாதொரு சம்பந்தமுமில்லை என்ற அபிப்பிராயம் நம் கிராமங்களில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆயினும் வீட்டுவரிக் கேட்பு, பயனாளிகள் பட்டியல், பட்டா நகல், மின்கட்டணம் முதலிய கணக்குகள் இன்று கணிப்பொறியின் வாயிலாகவே வெளிவருகின்றன. அவற்றில் ஐயம் எழுந்து ஒருவர் வினவும்போது, "கணிப்பொறியில் அப்படித்தான் வருகிறது" என்ற மறுமொழி கிடைக்கிறது. அதைக் கேட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிச் செல்பவர்களை நாம் அடிக்கடி காண்கிறோம். கணிப்பொறியில் எதுவும் தானாக வருவதில்லை. யாரோ ஒருவர் எழுதிவைத்த விதியின்படியே வருகிறது. அந்த விதி யாது என்று கேட்கும் துணிவு, தாமே ஒரு சிறு நிரலையேனும் எழுதிப் பார்த்தவர்களுக்கே எளிதில் வருகிறது. இக்கட்டுரையின் நோக்கம் அதுவே.

முன்னாளில் ஊர்க் கணக்கு முழுவதும் கர்ணத்தின் கையில் இருந்தது. திண்ணைப் பள்ளியில் எண்சுவடியை மனப்பாடம் செய்து, முந்திரி, காணி, மா என்று பின்னங்களை வாயாலேயே பெருக்கக் கற்றவர்கள் அக்காலத்தில் பலர் இருந்தனர். எனினும், ஊரார் நிலத்தின் கணக்கை எழுதியவர் அவர் ஒருவரே. 1980-ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டில் அப்பதவிகள் ஒழிக்கப்பட்டு, பின்னர் கிராம நிர்வாக அலுவலர்கள் நியமிக்கப்பெற்றனர். இப்போது கணக்கு கணிப்பொறிக்கு வந்திருக்கிறது. ஓலையும் பேரேடும் திரையாக மாறின என்பது உண்மையே. ஆனால் விதியைப் படிக்கத் தெரிந்தவர் ஊரில் ஒருவரும் இல்லையென்றால், மாறியது எழுதுகருவி மட்டுமே.

நிரல் என்பது கணிப்பொறிக்கு வரிசையாக இடும் கட்டளைகளின் தொகுதி. புதிதாக வேலைக்கு வந்த ஆளிடம், "முதலில் மடையைத் திற, வயல் நிரம்பியதும் அடை, பிறகு அடுத்த வயலுக்குப் போ" என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேற்றுமை இல்லை. ஆள் என்றால் நாம் சொல்லாமல் விட்டதையும் ஊகித்துச் செய்வார். கணிப்பொறி ஊகிப்பதில்லை. சொன்னதைச் சொன்னபடியே செய்யும். நிரல் எழுதுவதில் உள்ள கடினமும் பயனும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கின்றன.

இக்கட்டளைகளை எழுதத் தனி மொழிகள் உண்டு. தொடக்கத்தில் அவை விஞ்ஞானிகளுக்கும் கணித வல்லுநர்களுக்கும் மட்டுமே உரியனவாக இருந்தன. அமெரிக்க நாட்டின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், விஞ்ஞானம் பயிலாத மாணவரும் கற்கத்தக்க 'பேசிக்' என்னும் மொழியை 1964-ஆம் ஆண்டு மே மாதத்தில் இயங்கச் செய்தனர். நம் திருச்சிராப்பள்ளிக்கு அருகே துவாக்குடியில் மண்டலப் பொறியியற் கல்லூரி (2003 முதல் அது தேசியத் தொழில்நுட்பக் கழகம்) தோன்றியதும் அதே 1964-இல்தான். அதன்பின் சிறுவர்க்கென 'லோகோ' 1967-இலும், படத்துண்டுகளை ஒட்டியே நிரல் அமைக்கும் 'ஸ்கிராட்ச்' 2007-இலும் வந்தன. நெதர்லாந்து நாட்டவரான குவிடோ வான் ரோசம் 1991-இல் வெளியிட்ட 'பைத்தான்' இன்று உலகெங்கும் தொடக்கநிலையில் கற்பிக்கப்படுகிறது. பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைத்து அஞ்ச வேண்டுவதில்லை. அவர் அப்பெயரை இங்கிலாந்து நாட்டு நகைச்சுவைக் குழு ஒன்றின் பெயரிலிருந்தே எடுத்துக்கொண்டார்.

தமிழிலேயே கட்டளை எழுதும் மொழி ஒன்றும் உண்டு. முத்து அண்ணாமலை என்பவர் உருவாக்கிய அதற்கு 'எழில்' என்று பெயர். அதனைப் பற்றிய ஆய்வுக் கட்டுரையை அவர் 2009-இல் வெளியிட்டார். எழில் விலையின்றிக் கிடைப்பது, பைத்தானின் மேல் அமைந்து இயங்குவது. பதிப்பி, ஆனால், இல்லை, வரை, முடி என்பன போன்ற தமிழ்ச் சொற்களே அதில் கட்டளைகள். ஆங்கில எழுத்தைக் கண்டு தயங்கும் நம் விவசாயிகளுக்கு முதற்படியாக இதனையே பரிந்துரைப்போம். கீழே வரும் நிரல்களும் எழில் மொழியில் அமைந்தவையே.

மொழியை எப்படிக் கற்பது? இலக்கணத்தை முழுதும் படித்து முடித்துவிட்டுப் பிறகு நிரல் எழுதலாம் என்று தொடங்குபவர் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறார். நீச்சலைப் பற்றிய நூலைக் கரையில் அமர்ந்து படிப்பது போன்றது அது. தமக்குத் தேவையான ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய அளவே மொழியைக் கற்று, அக்கணக்கை முடித்தபின் அடுத்ததற்குச் செல்வதே நல்ல முறை. கணக்கு நமக்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும். விடை தவறாக வந்தால், "இது ஒவ்வாதே" என்று மனம் உடனே சொல்லும்.

முதற் கணக்காக வாழையை எடுத்துக்கொள்வோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும் அதன் மேற்கேயுள்ள ஊர்களிலும் வாழை பயிரிடாத குடியானவர் குறைவு. 6 அடிக்கு 6 அடி இடைவெளி விட்டால் ஏக்கருக்கு எத்தனை கன்று வேண்டும்? ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி.

இடைவெளி = 6
கன்று = 43560 / ( இடைவெளி * இடைவெளி )
பதிப்பி கன்று

1210 என்று விடை வரும். அனுபவமுள்ள விவசாயிக்கு இந்த எண் தெரிந்ததுதான். தெரிந்த விடையே வருவதைக் கண்ட பிறகுதான் நிரலின்மேல் நம்பிக்கை பிறக்கும். இனி, முதல் வரியில் உள்ள 6 என்பதை 7 ஆக மாற்றிப் பாருங்கள். 888.97 என்று ஏதோ ஒன்று வரும். பின்னத்தில் கன்று நட முடியாது, வரப்புக்கும் வாய்க்காலுக்கும் இடம் போகும். ஆகவே விடையை அப்படியே எழுதிக்கொண்டு கன்று வாங்கச் செல்பவர் கணிப்பொறியை நம்பியவரே தவிர, கணக்கை அறிந்தவர் அல்லர்.

இரண்டாவது, உரக் கணக்கு. ஏக்கருக்கு 30 கிலோ தழைச்சத்து இட வேண்டும் என்று மண் பரிசோதனை அட்டை சொல்வதாக வைத்துக்கொள்வோம். யூரியாவில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு.

தழைச்சத்து = 30
மூட்டை = 45
யூரியா = தழைச்சத்து / 0.46
பதிப்பி யூரியா, யூரியா / மூட்டை

65.2 கிலோ, ஏறத்தாழ ஒன்றரை மூட்டை என்று விடை கிடைக்கும். இங்கே மூட்டையின் எடையை ஏன் தனி வரியில் பெயரிட்டு எழுதினோம் என்பதைக் கவனிக்க வேண்டும். யூரியா மூட்டை முன்பு 50 கிலோவாக இருந்தது. 2018-இல் அது 45 கிலோ ஆயிற்று. நிரலின் பத்து இடங்களில் 50 என்று எழுதி வைத்திருந்தவர் பத்து இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். அவற்றுள் ஒன்றை மறந்தாலும் கணக்கு கெட்டுவிடும். பெயரிட்டு ஓரிடத்தில் வைத்தவருக்கோ ஒரு வரியைத் திருத்தினால் போதும். வரி விகிதம், கூலி விகிதம், அரசு மானியம் ஆகிய மாறக்கூடிய எண்கள் எல்லாவற்றிற்கும் இவ்வழக்கம் பொருந்தும்.

இக்கணக்கில் இன்னொரு செய்தியும் உண்டு. அதே வயலுக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி.யும் இடுகிறோம் எனக் கொள்வோம். 50 கிலோ எடையுள்ள டி.ஏ.பி. மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ இருப்பதோடு தழைச்சத்தும் 9 கிலோ இருக்கிறது. பலர் இதனைக் கணக்கில் கொள்வதில்லை. முதல் வரியை 30 - 9 என்று மாற்றினால் யூரியாவின் தேவை 45.6 கிலோவாக, அதாவது ஒரே மூட்டையாகக் குறைகிறது. சற்றேறக்குறைய 20 கிலோ யூரியா மிச்சம். அளவுக்கு மிஞ்சிய தழைச்சத்தால் பயிர் சாய்வதும் பூச்சி மிகுவதும் நம் விவசாயிகள் அறிந்தவையே. அங்காடியில் எவ்வளவு வாங்குவது என்று தீர்மானிக்க இந்நான்கு வரிகள் உதவுமானால், நிரல் கற்ற உழைப்பு வீணன்று.

நிற்க. மூன்றாவதாக வரும் கணக்கே நாம் இக்கட்டுரையை எழுதத் துணிந்ததற்குக் காரணம். அது முறைத்தண்ணீர்க் கணக்கு.

முக்கொம்பில் காவிரியும் கொள்ளிடமும் பிரிகின்றன. அங்கும் அதற்கு மேலும் கீழும் பிரியும் வாய்க்கால்களால் வாழும் ஊர்கள் நம் வட்டாரத்தில் பல. பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து திருச்சிராப்பள்ளி நகரின் ஊடே ஓடும் உய்யக்கொண்டான் வாய்க்கால் சோழர் காலத்தது. தண்ணீர் தாராளமாக வரும் நாளில் எவருக்கும் கணக்கு வேண்டுவதில்லை. ஆற்றில் நீர் குறைந்து முறை வைக்கும்போதுதான் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் மனத்தாங்கல் எழுகிறது. உறவு முறிந்த குடும்பங்களும் உண்டு, காவல் நிலையம் வரை சென்ற வழக்குகளும் உண்டு.

ஒரு கிளை வாய்க்காலைக் கற்பனை செய்துகொள்வோம். தலைமடையில் 20 ஏக்கர், நடுவில் 12 ஏக்கர், கடைமடையில் 10 ஏக்கர், ஆக 42 ஏக்கர். வாரம் ஒரு சுற்று. ஒரு வாரத்தில் 168 மணி. 168-ஐ 42-ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 4 மணி நேரம். ஒன்றரை ஏக்கர் உள்ளவருக்கு 6 மணி நேரம், தலைமடையில் இருந்தாலும் கடைமடையில் இருந்தாலும் அதுவே. எல்லோருக்கும் சமம் என்பதால் இதைவிட நியாயமான கணக்கு இருக்க முடியாது என்றே முதற்பார்வைக்குத் தோன்றும்.

வயலில் நின்று பார்ப்பவருக்கு உண்மை வேறு. வறண்டு கிடக்கும் வாய்க்காலில் தண்ணீரைத் திருப்பிவிட்டால் அது உடனே கடைமடையை எட்டுவதில்லை. மணலும் மண்ணும் குடித்தது போக, வாய்க்கால் நிரம்பிய பிறகுதான் வயலுக்குள் பாயும். தலைமடையிலிருந்து நடுப்பகுதியை எட்ட 2 மணியும், அங்கிருந்து கடைமடையை எட்ட மேலும் 4 மணியும் ஆகின்றன எனக் கொள்வோம். முறை மாறும்போது வாய்க்கால் நிரம்பும் இந்நேரம் யாருடைய கணக்கில் சேர்கிறது? அப்பகுதியில் முதல் முறையைப் பெறுபவரின் கணக்கில். கடைமடையில் முதல் முறைக்குரிய ஒன்றரை ஏக்கர்க்காரருக்குக் காகிதத்தில் 6 மணி நேரம். அதில் 4 மணி நேரம் வாய்க்கால் நிரம்புவதிலேயே கழிந்துவிடும். அவர் வயல் பெறுவது 2 மணி நேரத் தண்ணீர்தான். அவர் முறையிட்டால், "உமக்கும் எங்களைப் போல ஆறு மணி நேரம் தந்தாயிற்றே" என்று ஊரார் சொல்வர். அவர்கள் சொல்வதும் பொய்யன்று. குறை விதியில் இருக்கிறது.

விதியை மாற்றி எழுதுவோம். வாய்க்கால் நிரம்பும் 6 மணி நேரத்தை முதலிலேயே பொதுவில் கழித்துவிட்டு, மீதியை ஏக்கர்வாரியாகப் பங்கிடுவோம்.

வாரமணி = 168
நிரம்பும்மணி = 6
ஆயக்கட்டு = 42
ஏக்கர் = 1.5
முறை = ( வாரமணி - நிரம்பும்மணி ) * ஏக்கர் / ஆயக்கட்டு
பதிப்பி முறை

5.785 என்று விடை வரும். இதனைப் பலகையில் எழுதுமுன் ஓர் எச்சரிக்கை. 5.78 மணி என்பது 5 மணி 78 நிமிடம் அன்று. புள்ளிக்குப் பின்னுள்ள பகுதியை 60-ஆல் பெருக்க வேண்டும். அப்போதுதான் 47 நிமிடம் என்று கிடைக்கும். ஆக 5 மணி 47 நிமிடம். நிமிடமாக மாற்றும் அந்த ஒரு வரியையும் நிரலிலேயே சேர்த்துவிடுதல் நலம். ஏனெனில் நள்ளிரவில் மடை திருப்பச் செல்பவரிடம் புள்ளிக் கணக்கைக் கொடுத்தனுப்புவது முறையன்று.

இப்போது விளைவை நோக்குவோம். ஒன்றரை ஏக்கர் உள்ள தலைமடைக்காரர் விட்டுக்கொடுப்பது 13 நிமிடம். கடைமடைக்காரர் 2 மணி நேரத்திற்குப் பதிலாக 5 மணி 47 நிமிடம் பெறுகிறார். "கடைமடைக்காக நாங்கள் ஏன் இழக்க வேண்டும்?" என்று ஒருவர் கேட்கும்போது, இழப்பு எவ்வளவு என்று எவருக்கும் தெரியாதிருந்தால் சச்சரவுதான் மிஞ்சும். 13 நிமிடம் என்று எல்லோர் முன்னிலும் கணக்கிட்டுக் காட்டினால் பேச்சின் போக்கே மாறக்கூடும். இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த விதியும் அன்று. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் வழங்கும் 'வாராபந்தி' முறையில் வாய்க்கால் நிரம்பும் நேரத்திற்குக் கழிவு தருவது நெடுநாளைய வழக்கம். அங்கே ஆண்டுதோறும் முறைநேரத்தை 12 மணி தள்ளி வைத்து, இரவுப் பாய்ச்சல் ஒருவருக்கே என்றும் நிலைத்துவிடாதபடி செய்வதும் உண்டு. வாரத்திற்கு 168 மணி என்று கணக்கிட்டால் ஒருவருக்கு ஒவ்வொரு வாரமும் அதே கிழமை, அதே இரவு வரும் என்பதைக் கவனியாதவர்கள் நம்மிடையே பலர். இந்த மாற்றத்தையும் நிரலில் சேர்க்கப் பழகுவது இரண்டாம் மாதப் பாடமாகலாம்.

நிரல் சரிதானா என்று சோதிக்கவும் ஒரு வழி உண்டு. எல்லோருடைய முறைநேரங்களையும் கூட்டினால் 162 வர வேண்டும். நிரம்பும் 6 மணியைச் சேர்த்தால் 168. ஒரு மணி கூடினாலும் குறைந்தாலும் யாரோ ஒருவருடைய நிலம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இருமுறை சேர்ந்திருக்கிறது என்று பொருள்.

நிரலால் ஆகாதவையும் இருக்கின்றன. வாய்க்கால் நிரம்ப 6 மணி ஆகிறதா 5 மணியா என்பதைக் கரையில் நடந்து பார்த்தே அறிய வேண்டும். மணற்பாங்கான நிலத்திற்கும் களிமண் நிலத்திற்கும், நெல்லுக்கும் வாழைக்கும் ஒரே கணக்கா என்பதை ஊர்தான் கூடித் தீர்மானிக்க வேண்டும். இரவில் மதகைத் திருட்டுத்தனமாகத் திறப்பவரை எந்த நிரலும் தடுக்கப்போவதில்லை. நிரல் செய்வது ஒன்றே. எந்த விதிப்படி பங்கிட்டோம் என்பதை ஆறு வரிகளில் எவரும் படிக்கத்தக்கதாக வெளியே வைக்கிறது. அவ்வரிகளை முறைப்பட்டியலோடு சேர்த்து ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். தமிழில் இருப்பதால் படித்தவர் எவரும் கேள்வி கேட்கலாம்.

குடிநீர்த் தொட்டிக் கணக்கையும் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 'அப்படியானால் இப்படி' என்ற கட்டளையைக் கற்க இது ஏற்றது. 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 55 லிட்டர் என்பது அளவு. 700 பேர் உள்ள குக்கிராமம், 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி என்று கொள்வோம்.

தேவை = 700 * 55
தொட்டி = 30000
@( தேவை > தொட்டி ) ஆனால்
பதிப்பி "இருமுறை ஏற்றுக"
இல்லை
பதிப்பி "ஒருமுறை போதும்"
முடி

தேவை 38,500 லிட்டர் ஆதலால் இருமுறை ஏற்றும்படி விடை வரும். சரிதான். இனி 700 என்ற இடத்தில் 1,200 என்று இட்டுப் பாருங்கள். தேவை 66,000 லிட்டர், மும்முறை ஏற்ற வேண்டும். நிரலோ அப்போதும் "இருமுறை" என்றே சொல்லும். மூன்றாம் முறையைப் பற்றி நாம் அதற்குச் சொல்லவே இல்லை. ஒரு நிரலை எழுதியவுடன் மிகச் சிறிய எண்ணையும் மிகப் பெரிய எண்ணையும் இட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகவே. பெரிய அலுவலகங்களின் பட்டியல்களில் நேரும் பிழைகளும் இவ்வகையைச் சேர்ந்தவை என்பது இக்கணக்கைச் செய்து பார்த்தவருக்கு விளங்கும்.

கற்பதற்கு வேண்டிய வசதிகளைப் பற்றிச் சில சொற்கள். தனிக் கணிப்பொறி வாங்க வேண்டுமென்பதில்லை. கைபேசியிலேயே பைத்தானை இயக்கும் செயலிகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலுக்கு 2019-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட பாடநூல் பைத்தானைக் கற்பிக்கிறது. அந்நூல் தமிழிலும் இருக்கிறது. வீட்டில் அவ்வகுப்புப் படித்த மகனோ மகளோ இருந்தால் ஆசிரியரைத் தேடி வெளியே செல்ல வேண்டாம். கணக்கு தந்தைக்குத் தெரியும், மொழி மகளுக்குத் தெரியும். இருவரும் அருகருகே அமர்ந்தால் இருவருக்கும் பாடம் நடக்கும். எழிலில் நான்கைந்து நிரல்கள் எழுதிப் பழகிய பின் பைத்தானுக்கு மாறிவிடுவது நல்லது என்பது நம் கருத்து. துணைநூல்களும் கேட்டுத் தெளிய ஆட்களும் அதற்கே மிகுதி. பைத்தானிலும் 'ஏக்கர்', 'முறை' என்று எண்களுக்குத் தமிழ்ப் பெயரிடத் தடையில்லை. கட்டளைச் சொற்கள் மட்டுமே ஆங்கிலம். அவற்றுள் தொடக்கத்திற்கு வேண்டியவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

வாரத்திற்கு ஒரு கணக்கு போதும். நிரலை எழுதுமுன் அதே கணக்கைக் காகிதத்தில் கையால் போட்டு விடையை மடித்து வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்தால் அடுத்த கணக்கு. ஒவ்வாவிடில் பெரும்பாலும் நிரலில் பிழையிருக்கும். சில வேளைகளில் நெடுநாளாகக் கையால் போட்டுவந்த கணக்கிலேயே பிழை இருப்பதும் வெளிப்படும்.

அடுத்த வாரத்திற்கு ஒரு பயிற்சி. பழைய பத்திரங்களில் நிலம் வேலி, மா, குழி என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. 12 அடிக் கோலால் அளந்த ஊர்களில் ஒரு குழி 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. ஒரு சென்டு 435.6 சதுர அடி. மாவும் குழியும் கொடுத்தால் சென்டில் விடை தரும் நிரலை எழுதுக. ஒரு மாவுக்கு 33.06 சென்டும், ஒரு வேலிக்கு 6 ஏக்கர் 61 சென்டும் வர வேண்டும். கோலின் நீளம் ஊருக்கு ஊர் மாறும். ஆதலால் முதல் வரியில் கோலுக்கு ஒரு பெயரிட்டு அதன் அளவை அங்கேயே எழுதிவிட்டு, தம் ஊரில் வழங்கிய கோல் எத்தனை அடி என்பதை வயதில் மூத்த குடியானவர் ஒருவரிடம் கேட்டறிந்து அந்த எண்ணை மாற்றிக்கொள்ளவும்.